மீன் ஓடும் தூரம்

ஸ்காபரோ
19.01.2025

தங்கச்சி புஸ்பராணிக்கு,

இதை எழுதுவது உன் அண்ணன் தம்பிமுத்து. முதலில் ஒரு கதிரையில் இரு. பிறகு படி. எனக்கு எழுத வருகிறது.

நூலகத்தில் வயது போனவர்களுக்குத் தமிழ் வகுப்பு நடக்கிறது. ஜெயமலர் ரீச்சர் படிப்பிக்கிறா. மரங்கள் இலை கொட்டத் தொடங்கிய நேரம் போய்ச் சேர்ந்தேன். இப்போது பனி கொட்டுகிறது, நான் கடிதம் எழுதுகிறேன். ஒரு வரி முடிவதற்குள் தேத்தண்ணி ஆறிவிடுகிறது. ஆறட்டும். இத்தனை காலமும் மீன் வாங்கிய கடைக்கு என்ன பெயர் என்று போன கிழமைதான் வாசித்துத் தெரிந்துகொண்டேன். கடைக்காரப் பெடியனிடம் சொன்னேன். "இப்பதானா அங்கிள் தெரியும்?" என்று சிரித்தான். "இப்பதான் மனே," என்றேன். அந்தச் சந்தோசத்தில் தேவைக்கு மேலாகப் பாரை மீன் வாங்கிவிட்டேன்.

சந்தோசத்தை முதலில் எழுதிவிட்டேன். இனி மற்றது.

நீ போனை எடுக்கிறாயில்லை. கார்த்திகையில் ஒரு கேள்வி கேட்டேன், நீ பட்டென்று வைத்தாய். அன்றிலிருந்து அடித்தால் மணி மட்டும் கேட்கிறது. அதனால் அந்தக் கேள்வியை எழுத்தில் கேட்கிறேன். எழுத்தை நீ பட்டென்று வைக்க முடியாது.

ஜோசுவாவின் பட்டறையில் நான் என்ன செய்கிறேன் என்று உனக்குத் தெரியும். யூதர்களின் கலியாணத்தில் மாப்பிள்ளையும் பெண்ணும் நாலு தடியில் கட்டிய துணிப் பந்தலின் கீழ் நிற்பார்கள். ஹுப்பா என்பார்கள். ஜோசுவா அதைச் செய்து வாடகைக்கு விடுகிறார். நான் துணி அயன் பண்ணுவேன், தடி துடைப்பேன், வான் வண்டியில் ஏற்றுவேன். அவர் செய்ததில் ஒன்று வேறு யாரிடமும் இல்லாதது. ஒரு கயிற்றை இழுத்தால் கூரைத் துணி நடுவில் பூப்போல விரியும். தலைக்கு மேல் வானம் தெரிய வேண்டும் என்பது அவர்களில் பலருக்கு வழக்கம். அதற்காக அவர் இரண்டு மாரிகாலம் மண்டையை உடைத்துச் செய்தது அது.

கார்த்திகையில் றிச்மண்ட் ஹில் மண்டபத்தில் ஒரு கலியாணம். மணவறை உன் மகள் கோபிகாவின் கடை வாடகைக்குப் போட்டது. ஐயர் ஓமம் வளர்க்க, யாரோ கயிற்றை இழுக்க, கூரை பூப்போல விரிந்து புகை மேலே போனது. சனம் கைதட்டியது. நான் தட்டவில்லை. எழும்பிப் போய், வலது பக்கத் தூணின் துணிக்குள் கையை விட்டேன். அங்கே ஒரு சின்னப் பை தைத்திருந்தது. அதற்குள் கற்பூரப் பெட்டி.

அந்தப் பை எதற்கு என்று உனக்குத் தெரியுமா? அவர்களின் மாப்பிள்ளை சடங்கின் முடிவில் ஒரு கண்ணாடிக் கிளாசைக் காலால் மிதித்து உடைப்பார். அந்தக் கிளாசை யாராவது கோட்டுக்குள் வைத்துவிட்டு நேரத்துக்குத் தேடுவார்கள். அதனால் ஜோசுவா தூணிலேயே ஒரு பை தைத்தார். நம்முடைய மாப்பிள்ளைமார் கிளாஸ் உடைப்பதில்லையே தங்கச்சி.

அந்தக் கலியாண வீடியோ ஜோசுவாவிடமும் போய்விட்டது. அவர் என்னைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார், என் மகனின் வயதுதான் அவருக்கு. "தம்பி, இது உன்ர தங்கச்சியின்ர கடை. உன்ர தங்கச்சி இஞ்ச வந்தவ. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, நண்டு கொண்டு வந்தவ," என்றார். நண்டு அவர்களுக்கு ஆகாத சாப்பாடு. நீ கறிச்சட்டியைத் திறந்த மணம் இன்னும் பட்டறையில் நிற்கிறது என்று பகிடி பண்ணுவார். இப்போது பகிடி பண்ணவில்லை. விசயம் தெளியும்வரை வேலைக்கு வரவேண்டாம் என்றார்.

நான்தான் காட்டிக்கொடுத்தேன் என்று அவர் நினைக்கிறார். ஒரே ஒரு வரி எழுது. அந்தக் கூரை எப்படி உங்கள் வீட்டுக்கு வந்தது?

உன் அண்ணன்
தம்பிமுத்து


பிறம்ரன்
27.01.2025

இந்தக் கடிதத்தை எழுதியவருக்கு,

நீங்கள் யார் என்று எனக்குத் தெரியாது. என் அண்ணன் இல்லை என்பது தெரியும். அவர் பாங்கிலே பெருவிரலை உருட்டுகிறவர். என் கலியாண எழுத்துக்குச் சாட்சிக்கு வந்தும் விரல்தான் வைத்தார். நான் பள்ளிக்கூடம் போனேன், அவர் தோணிக்குப் போனார். எழுபது வயது தாண்டி, இலை விழும்போது தொடங்கி, பனி விழும்போது கடிதம் எழுதுகிறாராம். இதை நம்ப நான் சின்னப் பிள்ளை இல்லை.

அவருடைய மகன் எழுதியிருக்க முடியாது. சுலக்சனுக்குத் தமிழில் தன் பெயரே எழுதத் தெரியாது. ஜெயமலர் ரீச்சர் என்று உண்மையில் ஒருவர் இருந்தால் அவர் எழுதியிருக்கலாம். அல்லது ஜோசுவாவின் வக்கீலிடம் வேலை செய்கிற ஏதாவது தமிழ்ப் பிள்ளை எழுதியிருக்கலாம்.

மீன் கடை, தேத்தண்ணி என்று சொல்லி என்னைச் சிரிக்கவைத்துவிட்டு, கடைசியில் ஒரே ஒரு வரி கேட்கிறீர்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் மீதி எல்லாம் எழுதியிருக்கிறது. என் கையெழுத்தில், திகதி போட்டு, அந்த வரியை நான் அனுப்பினால் அது எந்த மேசைக்குப் போகும் என்று எனக்குத் தெரியும்.

எங்கள் மணவறை எங்களுடையது. கோபிகா தன் கையால் தைத்தது. இதற்கு மேல் எழுத எனக்கு ஒன்றும் இல்லை.

நண்டு, தோணி என்று எதையாவது எழுதி இது அண்ணன்தான் என்று நிரூபிக்கவும் வேண்டாம். அவர் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதலாம்தானே.

அவருக்குச் சுகமா என்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள். இருமல் நின்றதா?

பு. புஸ்பராணி


ஸ்காபரோ
09.02.2025

தங்கச்சிக்கு,

உன் கடிதத்தை நானே வாசித்தேன். ஒருவரும் வாசித்துக் காட்டவில்லை. "எழுதியவருக்கு" என்று பார்த்ததும் கோபம் வந்தது. இரண்டாம் முறை வாசிக்கப் பெருமையாகப் போய்விட்டது. என் எழுத்தைப் பார்த்து ஒரு வக்கீல் கந்தோர் எழுதியது என்று நினைத்தாயே! ஜெயமலர் ரீச்சரிடம் காட்டினேன். "அங்கிள், உங்கட கொம்பும் சுழியும் இன்னும் வக்கீல் அளவுக்கு வரேல்ல," என்றா. இருமல் நின்றுவிட்டது.

ஜோசுவா என்னைத் தங்கள் ராபியிடம் கூட்டிப்போனார். ராபி என்றால் அவர்களின் சமயச் சட்டம் படித்த பெரியவர். இப்படிப்பட்ட வழக்குகளுக்கு ஆட்கள் அவரிடம் போவார்களாம். பாதர்ஸ்ட் வீதியில் வீடு. சுவர் முழுக்கப் புத்தகம். முன்பென்றால் பயந்திருப்பேன். இப்போது எனக்கும் எழுத்துக்கும் கொஞ்சம் பழக்கம் இருக்கிறது, அதனால் அவற்றைப் பார்த்துத் தலையாட்டினேன்.

முப்பது வருட இங்கிலீசு என் காதில் இருக்கிறது, நாக்கில்தான் குறைவு. ராபி ஆறுதலாகப் பேசினார், விளங்கியது. பக்கத்துக் காணிக்காரனின் எல்லைக் கல்லை நகர்த்தாதே என்று அவர்கள் வேதத்தில் இருக்கிறதாம். பிறகு வந்த பெரியவர்கள் அதைக் காணியோடு நிறுத்தாமல் பிழைப்புக்கும் நீட்டினார்களாம். ஒருவன் புத்தகம் அச்சடித்தால் இத்தனை வருடத்துக்கு மற்றவன் அதை அடிக்கக்கூடாது என்று கடிதம் கொடுப்பார்களாம். யோசனைக்குச் சொந்தக்காரன் உண்டா என்பதில் அவர்களுக்குள்ளேயே சண்டை. தொட்டுப் பார்க்க முடியாததை எப்படிச் சொந்தம் கொண்டாடுவது என்று ஒரு பக்கம். உழைத்தவனுக்கு உரிமை இல்லையா என்று மற்றப் பக்கம்.

பிறகு அவர் மீனைப் பற்றிச் சொன்னார். கதிரையின் நுனிக்கு வந்துவிட்டேன். ஒருவன் ஒரு மீனைப் பார்த்துக் குறிவைத்துவிட்டால், மற்றவன் தன் வலையை அந்த மீன் ஓடக்கூடிய தூரத்துக்கு அப்பால் கொண்டுபோக வேண்டுமாம். "மீன் எவ்வளவு தூரம் ஓடும்?" என்று என்னிடம் கேட்டார். "எந்த மீன் எண்டதைப் பொறுத்தது," என்றேன். ராபி சிரித்து ஜோசுவாவைப் பார்த்தார். ஜோசுவா சிரிக்கவில்லை.

என் கொப்பி கையில் இருந்தது. ராபி வாங்கிப் பார்த்தார். வகுப்பில் பக்கத்தில் இருக்கிற இராஜரட்ணம் அண்ணையின் கொப்பியைப் பார்த்து எழுதியது அது, களவுதானே என்று கேட்டேன். அவர்களின் வேதத்தை எழுதுகிறவன் மனப்பாடத்தில் எழுதக்கூடாதாம், முன்னால் ஒரு பிரதியை வைத்துப் பார்த்துத்தான் எழுத வேண்டுமாம். ஒருவன் படிக்கும்போது ஒளித்து நின்று கேட்டுப் படிக்கிறவனைக் கள்ளன் என்று சொன்னாலும், படித்தது அவனுக்கே சேருமாம். இதை இராஜரட்ணம் அண்ணையிடம் சொன்னேன். "அப்ப நான் ஏமாந்தவனா?" என்று கொப்பியைக் கையால் மூடிக்கொண்டார்.

ஆனால் ராபி தீர்ப்பு ஒன்றும் சொல்லவில்லை. மற்றப் பக்கத்தை வைத்துக்கொள்ளாமல் ஒரு பக்கத்தை மட்டும் கேட்பது தங்களுக்குத் தடை, ஏற்கெனவே அதிகம் கேட்டுவிட்டேன் என்றார். நீ அவர்கள் சமயம் இல்லை, உன்னை அழைக்க அவருக்கு அதிகாரமும் இல்லை. நீயாக வந்தால் கேட்பார்.

வெளியே வரும்போது ஜோசுவா கேட்டார்: "தம்பி, அண்டைக்கு உன்ர தங்கச்சி எவ்வளவு நேரம் உள்ளுக்க இருந்தவ?"

அதை நானும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். மறைக்காமல் கேட்கிறேன். பிறம்ரனிலிருந்து அவ்வளவு தூரம், அந்தக் குளிரில், முன்பு ஒருநாளும் வராத நீ, அன்றைக்கு வந்தது என்னைப் பார்க்கவா, துணியைப் பார்க்கவா?

தம்பிமுத்து
(நானே எழுதியது)


பிறம்ரன்
17.02.2025

அண்ணனுக்கு, அண்ணன்தான் என்றால்,

கேள்வி உங்களுடையதாக இருந்தாலும் வெட்கம், வேறு யாருடையதாக இருந்தாலும் வெட்கம்.

அன்றைக்கு நான் ஏன் வந்தேன்? இருமல், இருமல் என்று சுலக்சன் போனில் சொன்னான். நீங்கள் டொக்டரிடம் போகமாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். பஸ் மாறி மாறி வந்தேன். மடியில் சட்டி சாய்ந்து என் நல்ல கோட்டில் கறி ஊற்றியது. யூதர்களின் பட்டறைக்கு நண்டு கொண்டுபோகக்கூடாது என்று எனக்கு யார் சொன்னது? அந்த மனுசன் முகத்தைச் சுளித்ததும், நீங்கள் என்னை இழுத்துக்கொண்டுபோய் ஹீற்றருக்குப் பக்கத்தில் இருத்திவிட்டு, யன்னலைத் திறந்துவிட்டு, "கெதியாத் தின்னுவம் புள்ள, கெதியா," என்றீர்கள். நான் பார்த்தது உங்கள் முதுகையும் ஒரு யன்னலையும்தான். துணியைப் பார்த்தேனாம்.

கோபிகா வக்கீலிடம் போய்வந்தாள். வடிவத்தை அரசாங்கத்தில் பதிந்திருக்கிறார்களா என்று முதலில் பார்க்க வேண்டுமாம். அதுவரைக்கும் வாயைத் திறக்காதே, முக்கியமாக ஒன்றும் எழுதாதே என்று சொன்னாராம். "அம்மா, உங்களுக்கு லெற்றர் வாறதே ஒரு trap," என்று அவள் கத்துகிறாள். இதை எழுதுவதுகூட அவளுக்குத் தெரியாது.

ராபியைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். நல்லது. எங்கள் மயில் மணவறை ஞாபகம் இருக்கிறதா? நானும் கோபிகாவும் ஒவ்வொரு தோகையாக ஒட்டினோம். அடுத்த கோடையில் ஸ்காபரோ முழுக்க மயில். ஒருவன் எங்கள் படத்தையே தன் விளம்பரத்தில் போட்டான். படத்தின் மூலையில் என் செருப்புக்கூடத் தெரிந்தது. எனக்காக எந்த ராபி வந்தார்? எந்த மீன் ஓடியது? "மணவறைதானே, எல்லாரும் ஒரே மாதிரித்தானே செய்வினம்," என்று நீங்களே சொன்னீர்கள். ஜோசுவாவின் துணிக்கு வந்ததும் உங்களுக்கு நியாயம் வந்துவிட்டது.

இந்த ஆவணியில் எங்களிடம் ஒப்புக்கொண்ட கலியாணங்களில் பாதி அந்தக் கூரைக்காக வந்தவை. அதை எடுத்துவிட்டால் கோபிகாவின் கடை நிற்காது. இதையும் உங்கள் வக்கீலுக்குக் காட்டுங்கள்.

புஸ்பராணி


ஸ்காபரோ
26.02.2025

தங்கச்சி,

மயிலைப் பற்றி நீ எழுதியது சரி. அப்போது நான் அப்படித்தான் சொன்னேன். கேட்க ஒரு ஆள் வேண்டும் என்று உனக்கு இருந்திருக்கும்.

நேற்றுப் பட்டறைக் கதவுத் திறப்பைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். வேறு ஒருவரை வேலைக்கு எடுத்துவிட்டார்கள். நல்ல ஆள், தடியைத் துடைக்காமல் அடுக்குகிறான்.

றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலில் கற்பூரம் கொளுத்திச் சத்தியம் பண்ணட்டுமா என்று ஜோசுவாவிடம் கேட்டேன். வேண்டாம் என்றார். தங்களில் உண்மைக்கும் சத்தியம் பண்ணப் பயப்படுவார்களாம். என்னை நம்புகிறீர்களா என்று கேட்டேன். "நம்பத்தான் விருப்பம் தம்பி," என்றார். அது வேறு, நம்புவது வேறு.

வெளிக்கிடும்போது என் பையைப் பார்த்தார். பார்க்கட்டுமா என்று அவர் வாயால் கேட்கவில்லை. பார்வைதான். நானே கொடுத்தேன். திறந்தார். தண்ணீர்ப் போத்தலும் கொப்பியும். கொப்பியையும் புரட்டினார், வடிவம் ஏதும் கீறி வைத்திருக்கிறேனா என்று. தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் அவருக்கு வடிவம் மாதிரித்தான் இருந்திருக்கும். பக்கம் பக்கமாகப் பார்த்தார். எத்தனை வருடம் அந்தக் கதவைத் திறந்து பூட்டியவன் நான், தங்கச்சி. என் கொப்பியை ஒரு ஆள் அப்படிக் கவனமாகப் பார்த்தது அதுதான் முதல் தடவை. அது இப்படியா நடக்க வேண்டும்?

இனி உன்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்கமாட்டேன். கோபிகாவின் கடை நிற்கட்டும். எனக்கு வகுப்பு இருக்கிறது.

ஆனால் பதில் எழுது. எதையாவது எழுது. கடிதம் வந்தால் வாசிக்க எனக்குச் சந்தோசமாக இருக்கிறது, திட்டி எழுதினாலும்.

தம்பிமுத்து


பிறம்ரன்
08.03.2025

அண்ணனுக்கு,

வியாழக்கிழமை உங்கள் வகுப்புக்கு வந்தேன். நீங்கள் என்னைக் காணவில்லை. கதவில் கண்ணாடி இருக்கிறது, அதற்கு வெளியே நின்றேன். உங்களைப் பார்க்க வரவில்லை. நீங்கள் எழுதுகிறீர்களா என்று பார்க்க வந்தேன்.

எழுதினீர்கள். தலையைச் சரித்து, கண்ணாடியை மூக்கு நுனியில் இறக்கி, வாயையும் கூடவே அசைத்து. ஒரு சொல் எழுதிவிட்டுத் தாளைத் தூரப் பிடித்துப் பார்த்துச் சிரித்தீர்கள். உங்கள்பாட்டில், ஒருவரும் பகிடி விடாமல், நீங்கள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. பக்கத்தில் இருந்தவர் தன் கொப்பியைக் கையால் மூடி வைத்திருந்தார். உங்கள் கடிதத்தில் வந்த இராஜரட்ணம் அண்ணை அவர்தான்.

ஜெயமலர் ரீச்சர் வெளியே வந்து, "புதுசா சேர வந்தனீங்களா அன்ரி? பயப்படாதேங்கோ, எல்லாரும் தொடக்கத்தில வெக்கப்படுறவைதான்," என்றா. எனக்கு எழுதப் படிக்கத் தெரியும் என்று அவவுக்குச் சொல்லாமல் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

அந்த ஒரு வரி இதுதான். கோபிகா இந்த வரிக்காக என்னோடு கதைக்காமல் விடுவாள். விடட்டும்.

றிச்மண்ட் ஹில் மண்டபத்தின் மனேஜர் எட்வேட் என்று ஒருவர். முந்தி ஜோசுவாவிடமிருந்து ஒரு ஹுப்பாவை மண்டபத்துக்கென்று விலைக்கு வாங்கி வைத்திருந்தார். போன வருடம் மண்டபத்துக் கூரை ஒழுகி அது கறை பிடித்துவிட்டது. குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் கிடந்தது. எங்கள் சாமான் எடுக்கப் போன கோபிகா கண்டு, எடுக்கலாமா என்று கேட்டாள். "எடுத்திட்டுப் போ, எனக்கு ஒரு வேலை மிச்சம்," என்றாராம். வீட்டில் கொண்டுவந்து தையலைப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் தாளில் வைத்து வெட்டி, புதுத் துணியில் தைத்தாள். எதற்கு என்று தெரியாமலே அந்தப் பையையும் சேர்த்துத் தைத்தாள். வடிவு குறைந்துவிடுமோ என்ற பயம்.

நீங்கள் காட்டவில்லை. நான் பார்க்கவில்லை. பட்டறைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

பதினேழாம் திகதி திங்கட்கிழமை எட்வேட்டைக் கூட்டிக்கொண்டு அந்த ராபியிடம் வருகிறேன். ஜோசுவாவுக்குச் சொல்லிவிடுங்கள். இது ராபிக்காக இல்லை, ஜோசுவாவுக்காகவும் இல்லை. உங்கள் பையைத் திறந்து பார்த்தானே, அதற்காக.

ஆனால் ஒன்று. அவன் உங்கள் பையைத் திறந்தான். நீங்கள் "துணியைப் பார்க்கவா" என்று கேட்டு என் கறிச்சட்டியைத் திறந்து பார்த்தீர்கள். இரண்டும் எனக்கு ஒன்றுதான்.

புஸ்பராணி


ஸ்காபரோ
23.03.2025

தங்கச்சி புஸ்பராணிக்கு,

திங்கட்கிழமை நீ கோபிகாவையும் இழுத்துக்கொண்டு வந்தாய். ராபியோடு கதைத்தாய், எட்வேட்டோடு கதைத்தாய், ஜோசுவாவோடு சண்டையே பிடித்தாய். என் பக்கம் மட்டும் திரும்பவில்லை. நான் உனக்கு எதிர்க் கதிரையில்தான் இருந்தேன். உன் நல்ல கோட்டில் கறை போகவில்லை என்று கண்டேன்.

முடிவு உனக்குத் தெரியும், ஆனாலும் எழுதுகிறேன். எழுதினால்தான் எனக்கு ஒழுங்காக விளங்குகிறது. சொந்தக்காரன் விட்டெறிந்த துணி எடுத்தவனுக்குச் சொந்தம், அதில் பேச்சில்லை. துணிக்குள் இருந்த யோசனையையும் சேர்த்து எறிந்தானா என்பதில்தான் அவர்களின் பெரியவர்கள் பிரிந்து நிற்கிறார்கள் என்றார் ராபி. பிறகு ஜோசுவாவிடம் மீனைக் கேட்டார். "நீ எப்பவாவது தமிழ்க் கலியாணங்களில கண் வச்சனியா?" ஜோசுவா ஓம் என்று சொல்லியிருந்தால் உன் பாடு வேறு. "இல்லை, எனக்கு அப்பிடி ஒண்டு இருக்கெண்டே தெரியாது," என்றார். எனக்கு அவரில் இருந்த கோபத்தில் பாதி அந்த இடத்தில் போய்விட்டது.

ஆகவே கூரை கோபிகாவிடமே இருக்கும். யூதக் கலியாணங்களுக்கு அவள் விடக்கூடாது. "எங்கள் சொந்த வடிவமைப்பு" என்று போட்ட விளம்பரத்தை எடுத்துவிட்டு, யார் செய்ததைப் பார்த்துச் செய்தது என்று போட வேண்டும். அதற்கு நீ எழும்பி நின்று, "ஓம், போடுறம். என்ர மயிலைக் கொப்பி அடிச்சவனையும் இஞ்ச கூட்டிக்கொண்டு வாறன், அவனுக்கும் இதே தீர்ப்பைச் சொல்லுவியளா?" என்று கேட்டாயே. கோபிகா அதை மொழிபெயர்க்க வெட்கப்பட்டாள். நான்தான் சொன்னேன். "அவனும் சம்மதிச்சு வந்தால் சந்தோசமாக் கேப்பன்," என்றார் ராபி.

நீ அதோடு கோட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு போய்விட்டாய். அதற்குப் பிறகு நடந்ததுதான் உனக்குத் தெரியாது.

நானும் எழும்பினேன். ராபி என்னை இருக்கச் சொன்னார். ஜோசுவாவிடம் திரும்பி, "இன்னும் முடியேல்ல," என்றார். குற்றம் இல்லாத ஒருவனைச் சந்தேகப்பட்டால் அவனைச் சமாதானப்படுத்த வேண்டும், அது காணாது, வாழ்த்தவும் வேண்டும் என்று அவர்களுக்கு இருக்கிறதாம். ஜோசுவாவின் முகம் சிவந்துவிட்டது. பையைப் பற்றி அவரே சொன்னார். ராபிக்கு அது தெரியாது, சொல்லாமல் விட்டிருக்கலாம். "தம்பி, உன்ர பையை நான் திறந்திருக்கக் கூடாது," என்றார். வேலைக்கு வா என்றார். தடியைத் துடைத்து அடுக்குகிறவர்கள் வேண்டுமாம். வாறன் என்றேன், ஆனால் வியாழக்கிழமைகளில் வகுப்பு, அன்றைக்கு வரமாட்டேன் என்றேன்.

இதை எழுதும்போது உன் கடிதத்தின் கடைசி வரி முன்னால் கிடக்கிறது. ஜோசுவா என்னைச் சந்தேகப்பட்டார், வீடியோவைப் பார்த்து. நான் உன்னைச் சந்தேகப்பட்டது எதைப் பார்த்து? நீ குளிரில் வந்ததைப் பார்த்து. அவருக்காவது ஒரு காரணம் இருந்தது. இருமலுக்காக ஒருத்தி பஸ் மாறி மாறி வருவாள் என்பதை என்னால் நம்ப முடியாமல் போய்விட்டது, புள்ள. அதை எழுத்தில் எழுதக் கஷ்டமாக இருக்கிறது, எழுத்து கஷ்டம் என்பதால் இல்லை. உன் சட்டியை நான் திறந்து பார்த்திருக்கக் கூடாது.

அதனால் உன்னைச் சமாதானப்படுத்த வேண்டும், வாழ்த்தவும் வேண்டும். நீயும் என்னை வக்கீல் என்று சந்தேகப்பட்டாய். அந்தக் கணக்கை நான் விட்டுவிடுகிறேன், அதில் எனக்குப் பெருமைதான்.

வாழ்த்தைச் சும்மா சொல்லக்கூடாதாம். வாழ்த்தப்படுகிறவனுக்கு என்ன தேவையோ அதைக் கேட்டு வாழ்த்துவது நல்லது என்று ஜோசுவா நினைத்தார். "என்ன வேணும் தம்பி? உடம்புக்குச் சுகமா, நீண்ட ஆயுளா?" என்று கேட்டார். எனக்கு யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை.

"என்ர தங்கச்சி போனை எடுக்கோணும்," என்றேன்.

ஜோசுவா ராபியைப் பார்த்தார். ராபி தலையாட்டினார். ஒருவரும் சிரிக்கவில்லை. ஜோசுவா எழும்பி நின்று கையைத் தூக்கி அவர்கள் மொழியில் எதையோ நீளமாகச் சொன்னார். நடுவில் உன் பெயர் வந்தது. புஸ்பராணி என்று சொல்ல அவர் பட்ட பாடு உனக்குத் தெரியாது. ராபி ஆமென் என்றார். நானும் சொன்னேன்.

இந்தக் கடிதம் உனக்குப் புதன்கிழமையளவில் கிடைக்கும். ஞாயிறு பின்னேரம் அடிக்கிறேன். நீ எடுக்காவிட்டால் எனக்கு ஒன்றும் இல்லை, பழகிவிட்டது. திங்கட்கிழமை காலையில் பட்டறைக் கதவடியில் அந்த மனுசன் நின்று, "எடுத்தவவா?" என்று கேட்பார். அவரிடம் நான் என்ன சொல்வது?

உன் அண்ணன்
தம்பிமுத்து